பின்சீட்டில் உட்காரச் சொன்னவர்

காரில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். அதனால்தான் அவர் என்னைக் கூப்பிட்டார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், இலஞ்சி விலக்குக்கு முன்னால், தகரக் கூரை போட்ட ஒர்க் ஷாப் அவருடையது. ஷெட் என்றுதான் சொல்வோம். அதற்குப் பின்பக்கம் என் வீடு. காலையில் வாரியலால் ஷெட்டைப் பெருக்கி இரண்டு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைப்பது என் வேலை. அவர் கடையநல்லூர்க்காரர். பல வருஷம் வளைகுடாவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். ஊரே அவரை பாய் என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான். என்னை அவர் யக்கா என்பார். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். அவருக்கு நாலைந்து குறைவு.

முதல் தடவை நடந்தது ஒரு சாரல் நாளில். ஐந்தருவிப் பக்கம் என் தங்கச்சி வீட்டில் ஒரு விசேஷம். பஸ்ஸைக் காணோம். சாலையோரம் நனைந்துகொண்டு நின்றேன். ரிப்பேர் முடிந்த காரை ஓட்டிப் பார்க்க பாய் அந்தப் பக்கம் கிளம்பினார். காரின் சொந்தக்காரர் முன்சீட்டில் இருந்தார். "ஏறுங்கக்கா, அங்கனதான் போறோம்" என்றார் பாய். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறிவிட்டேன். இரண்டாவது வளைவு தாண்டியதும் முந்தானையால் வாயைப் பொத்தினேன். நிறுத்துங்கள் என்று சொல்லவும் கூச்சம். நடக்கக்கூடாதது நடந்துவிட்டது.

"ஏ, சீட்டு! புது உறைங்க அது!" என்று சொந்தக்காரர் கத்தினார்.

பாய் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்தார். திட்டுவார் என்று நான் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "எந்தத் திருப்பத்துலக்கா வயித்தப் புரட்டுச்சு? இடது திரும்பும்போதா, வலது திரும்பும்போதா?"

கையை வலது பக்கம் காட்டினேன்.

"திரும்பும்போதா, திரும்பி முடிச்ச பொறவா?"

"முடிச்ச பொறவு. தொட்டில் மாதிரி ஆடிக்கிட்டே இருந்துச்சு."

சேலை கெட்டுப்போனதால் விசேஷத்துக்குப் போகாமல் நானும் அவர்களோடு திரும்பினேன். ஷெட்டில் வண்டியைத் தூக்கிப் பார்த்ததில், இடது பின்சக்கரத்து சாக் அப்சர்பரில் எண்ணெய் கசிந்திருந்ததாம். ஸ்பிரிங் துள்ளினால் அந்தத் துள்ளலைப் பிடித்து அடக்குவது அதுதான். அது செத்துப்போனால் வண்டி அடங்காமல் ஆடும். "அமுக்கிப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகந்தான். யக்கா சொன்ன பொறவுதான் நிச்சயமாச்சு" என்று அந்தச் சொந்தக்காரரிடம் சொன்னார். அதை நான் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவார். "யக்கா, கொஞ்சம் பின்னால இருந்து பாருங்க." ஷெட்டில் வேலை செய்தவர்கள் உட்கார்ந்தால் பாட்டுப் போடச் சொல்வார்கள், போனில் பேசுவார்கள். என் வயிறு பேசாமல் இருந்து பார்த்துக்கொள்ளும். நான் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவேன். எத்தனை வண்டி, எத்தனை வளைவு. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்காது. இருந்தாலும் அடுத்த தடவை போவேன்.

தெரு சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி குழாயடியில் கேட்டாள்: "ஏட்டி, பாய் கார்ல தெனமும் ஊர்கோலமாமே? அடுத்தாப்ல ஏரோப்ளேனா?" புருஷன் இல்லாதவள் நான். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது அவர் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. மறுநாளிலிருந்து வண்டியின் சொந்தக்காரரோ அவர் வீட்டம்மாவோ முன்சீட்டில் இல்லாமல் அவர் என்னை ஏற்றியதே இல்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு என்று ஒரு வளைவு வைத்திருந்தார். ஐந்தருவிச் சாலையில், மரங்கள் கவிந்து தார் காயவே காயாத ஒரு இடம். சாலையைக் குறுக்கே வெட்டிக் குழாய் போட்டு மூடியிருந்தார்கள். மூடிய இடம் வரப்பு மாதிரி மேடாக நின்றது, அதுவும் சரியாக வளைவின் நடுவில். ஒரே வேகத்தில் அதன் மேல் திரும்புவார். நல்ல வண்டி என்றால் சக்கரம் மேட்டில் ஏறி, இறங்கி, சாலையை விடாமல் போகும். முதுகில் 'தொம்' என்று ஒரு தட்டு, அவ்வளவுதான். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் சக்கரம் மேட்டில் பட்டு எகிறும். எகிறிய நேரத்தில் அதற்குத் தரை இல்லை. தரை இல்லாத சக்கரம் எப்படித் திரும்பும்? பின்பக்கம் வெளியே நழுவும். பின்சீட்டில் இருக்கிறவளுக்கு அது முதலில் தெரியும். இடுப்புக்குக் கீழே யாரோ கோரைப்பாயை உருவுகிற மாதிரி இருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படிப் புரிந்தது என்றால், ஒரு நாள் நான் இடுப்பில் குடத்தோடு ஷெட் வாசலில் திரும்பும்போது, "அப்படியே நில்லுங்க. இப்ப எந்தக் கால்ல பாரம்?" என்றார். குடம் இருந்த பக்கத்துக் காலில்தான். "மத்த காலு?" லேசாக இருந்தது. "வண்டியும் அப்படித்தான். திரும்பும்போது பாரமெல்லாம் வெளிப்பக்கத்துச் சக்கரத்துக்குப் போயிரும். உள்பக்கம் லேசாயிரும். லேசான காலு வழுக்கும். குடத்தத் தலைக்கு மேல வெச்சிருந்தா?" இன்னும் மோசம் என்றேன். "அதான், கூரை மேல மூட்டை கட்டாதீயன்னு சொல்லுதேன். எவன் கேக்கான்?"

டயரைத் தடவிப் பார்ப்பார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழு என்று போகும், திருப்பித் தடவினால் சீப்புப் பல் மாதிரி கையில் தடுக்கும். "துள்ளித் துள்ளி ஓடியிருக்கு" என்பார். தென்காசியில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் முதுகுவலிக்காரர். வண்டி மெத்தை மாதிரி இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். பாய் சொன்னார்: "மெத்தை மேல ஏறி நின்னு ஓடிப் பாருங்க அண்ணாச்சி. ஓடிட்டா செஞ்சு தாரேன்." பட்டாளத்திலிருந்து லீவில் வந்த ஒரு பையனோ ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கச் சொன்னான். அவன் போன பிறகு என்னிடம் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒண்ணுதான்க்கா. அவரு சக்கரத்தத் தூங்க வைக்கச் சொல்லுதாரு. இவன் எகிற வைக்கச் சொல்லுதான். தரையத் தொட்டுக்கிட்டு இருக்கணும்னு ஒருத்தனும் சொல்லல."

இவ்வளவு தெரிந்த மனிதர் தானாக எதையும் முடிவு சொல்ல மாட்டார். இதுதான் அவரைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. டீ வந்தால் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சீனி காணுமா, பாருங்கக்கா" என்று கேட்பார். என் கிளாஸ் வேறு, அவர் கிளாஸ் வேறு. அவர் டீயில் சீனி போதுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? வாழைப்பழம் வாங்கினால் பக்கத்தில் நிற்கிறவரிடம் நீட்டி, "கனிஞ்சிருக்கா வே?" என்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பஸ் கண்டக்டரிடம்கூட அபிப்பிராயம் கேட்டார் என்று ஷெட்டில் சிரித்தார்கள். வண்டியில் என்ன குறை என்று அவர் கைக்குத் தெரியும். ஆனாலும் நாலு பேர் முன்னால் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கக்கா" என்பார்.

எல்லாரும் அதைப் பணிவு என்று சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. அப்பா, புருஷன், மகன் என்று எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன். 'நீங்க சொல்லுங்க' என்று என்னைக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வாந்தி எடுத்துக்கொண்டு திரிந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஏன் அப்படி என்று ஒரே ஒரு தடவை பாதி சொன்னார். "அங்கன கல்ஃப்ல இருக்கும்போது, மொதலாளிகிட்ட ஒரு வண்டி சரியில்லன்னு சொன்னேன். எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொல்லும்போது ஒனக்கு மட்டும் என்னன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்குப் பொறவு நான் சொல்லுதது இல்ல." அந்த வண்டி என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன். அவர் ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

என் மகன் கதைக்கு வருகிறேன். எழுத அலுப்பாகத்தான் இருக்கிறது.

அவனுக்குக் குற்றாலம் சீசனை நம்பித்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். பலரிடம் டிரைவராக இருந்தவன், ஏழு பேர் உட்காருகிற ஒரு பழைய வண்டியைச் சொந்தமாக எடுத்தான். சீசனில் ஏழு பேருக்கு உள்ளதில் பத்துப் பேர் ஏறுவார்கள் என்று கூட்டாளிகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தான். வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியின் அடிவயிறு உரசியது. யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்பக்க ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு நடுவே தடித்த ரப்பரைத் திணித்துவிட்டான். வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு நின்றது. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்று அவனுக்குச் சந்தோஷம்.

முன்பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்று பாயிடம் கொண்டுவந்தான். சத்தத்தைச் சரி செய்துவிட்டு அவர் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"இது எதுக்கு மாப்ளே?"

"உரசுது பாய். அதான்."

"பின்னால இப்படிக் கெட்டியாக்கி வெச்சா, ஆளில்லாம வரும்போது தவளை மாதிரி எகிறுமே."

"ஆளில்லாம நான் எதுக்கு ஓட்டப் போறேன்? சீசன்ல வண்டி காலியாவா போவும்?" என்று சிரித்தான். "நாளைக்குக் காலையில ரயில்ல வெளியூர்க்காரங்க வாராங்க பாய். மொத சவாரி. இத எடுத்துட்டா அவங்களை எப்படி ஏத்துவேன்? பத்து பேரு."

"ஓட்டிப் பாப்போம். யக்கா, வாங்க."

பாய் ஓட்டினார். மகன் முன்சீட்டில். நான் எலுமிச்சம்பழத்தோடு பின்னால். சாரல் விட்டு விட்டு அடித்தது. அந்த வளைவு வந்தது. மேட்டில் பட்டதும் எகிறியது. எனக்குக் கீழே கோரைப்பாயை உருவியது போல் பின்பக்கம் வெளியே போய், ஒரு முழம் போய், திரும்பவும் தரையைப் பிடித்தது. எலுமிச்சம்பழம் கையிலிருந்து விழுந்து கதவோரம் உருண்டது.

பாய் வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கக்கா."

மகனும் திரும்பிப் பார்த்தான். மறுநாள் சவாரி அவன் முகத்தில் இருந்தது. முதல் தடவையாகச் சொந்த வண்டி. அதற்குப் பூ வாங்கி வைக்கச் சொல்லி எனக்குக் காலையிலேயே சொல்லியிருந்தான்.

"ஒண்ணும் தெரியல" என்றேன்.

பாய் முன்னால் திரும்பிக்கொண்டார். மழைத் துடைப்பான் இரண்டு தடவை போய் வந்தது. பிறகு, "சரி" என்றார். ஷெட்டுக்கு வந்து சாவியை மகன் கையில் கொடுத்தார். "காலியா வரும்போது மெதுவா வா மாப்ளே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை வெளியூர்க்காரர்கள் பத்துப் பேரையும் ஐந்தருவியில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். அவர்கள் குளித்து முடிப்பதற்குள் ஸ்டாண்டில் இன்னொரு சவாரி பிடித்துவிடலாம் என்று காலி வண்டியோடு திரும்பினான். அதே வளைவு. பின்பக்கம் சுழன்று போய் மருதமரத்தில் அடித்தது. வலது முழங்கால் நொறுங்கியது. வண்டியில் வேறு யாரும் இல்லாதது கடவுள் செயல் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

முதலில் தென்காசி ஆஸ்பத்திரி, பிறகு திருநெல்வேலி. கால் நீட்டவும் மடக்கவும் பாதிதான் வரும் என்றார்கள். இப்போது அருவிக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறான். மற்றவர்கள் வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் திணறினால் அங்கிருந்தே கையைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பான்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஊரில் பேச்சு கிளம்பியது. "மொத நாளுதான் பாய் பாத்துக் குடுத்திருக்காரு. என்னத்தப் பாத்தாரோ?" ஸ்டாண்டு டிரைவர்கள் சிலர் வண்டிகளை வேறு ஷெட்டுக்கு விட்டார்கள். சீசன் நடுவில் அவருடைய ஷெட் வெறிச்சோடியது. அவர் யாரிடமும் ரப்பரைப் பற்றிச் சொல்லவில்லை. நான் சொன்னதைப் பற்றியும் சொல்லவில்லை. குழாயடியில் அந்தப் பேச்சை என் காதாலேயே கேட்டேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மகனைப் பார்க்க இரண்டு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். இரண்டு தடவையும் கட்டில் ஓரத்தில் நின்றுவிட்டுப் போனார்.

ஆவணி பிறந்து சாரல் குறைந்த பிறகு, ஒரு காலையில் ஷெட்டில் அவர் தனியாக இருந்தார். நான் டிரம்மை நிரப்பிவிட்டுப் போகாமல் நின்றேன்.

"அன்னைக்கு வெலகிச்சு பாய்" என்றேன். "பின்பக்கம் வெலகிச்சு. எனக்குத் தெரிஞ்சுது. அவன் மூஞ்சியப் பாத்து நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"என் கையிலயும் தெரிஞ்சுது. ஸ்டீயரிங்கப் பிடிச்சிருந்தது நான்தானே."

"பொறவு ஏன் சாவியக் குடுத்தீய?"

கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு, யாரோ சொல்லச் சொன்ன மாதிரி சொன்னார்: "நீங்க இல்லன்னு சொன்ன பொறவு, நான் ஆமான்னு சொல்லணும்னா ஒங்க மவன் முன்னால ஒங்களப் பொய்யாக்கணும். அப்படித்தான் அன்னைக்கு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா அது இல்லக்கா. நான் பயந்தாங்கொள்ளி. நீங்க சொன்னா நான் தப்பிச்சுக்கிடலாம். எப்பவுமே அதுக்குத்தான் ஒங்களக் கூப்பிட்டேன் போல."

என் வயிற்றுக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரே அசதியாக இருந்தது. டயர் ஒன்று கீழே கிடந்தது, அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒங்க மவனும்தான்" என்றார் அவர். "வெலகும்போது மேல உள்ள கைப்பிடிய எட்டிப் பிடிச்சான். ரெண்டு கையாலயும். நீங்க பின்னால இருந்தீய, பாத்திருக்க மாட்டீய."

நான் பார்த்திருந்தேன். மூன்று பேருக்கும் தெரிந்துதான் அந்த வண்டி ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தோம். இதை மகனிடம் இன்றுவரை நான் கேட்டதில்லை. தார் ஈரமாக இருந்தது என்று அவன் சொல்வான். நானும் ஆமாம் என்பேன்.

ஐப்பசி மழையில் ஒரு லாட்ஜ்காரர் தன் பெரிய வண்டியைக் கொண்டுவந்தார். பின்னால் அதே ரப்பர். நான் டிரம் பக்கத்தில் நின்றேன். பாய் என்னைப் பார்த்தார். கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன். "வாங்கக்கா" என்றார். போனேன். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும், லாட்ஜ்காரர் என்ன, கலெக்டரே முன்னால் இருந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளைவு வந்தது. மேடு வந்தது. பின்பக்கம் விலகியது.

நான் வாயைத் திறந்தேன்.

"ஆகாது" என்றார் பாய். என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ரப்பர எடுத்தாத்தான் சாவி தருவேன்."

லாட்ஜ்காரர் சிரித்தார். "என்னய்யா, எனக்கு ஒண்ணும் தெரியலயே. ஏம்மா, பின்னால ஒனக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"அவங்ககிட்ட எதுக்குக் கேக்கிய? ஓட்டுனது நான். ஆகாதுன்னு நான் சொல்லுதேன்."

லாட்ஜ்காரர் ஷெட்டில் நின்று கத்தினார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார், போனில் யார் யாரையோ கூப்பிட்டார். பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. சாயந்தரம் ரப்பர் இரண்டும் ஷெட் மூலையில் கிடந்தன.

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அந்த ஷெட் நடந்தது. பிறகு மகளோடு இருக்கப் போய்விட்டார். அந்த மூன்று வருஷத்தில் அவர் என்னை ஒரு தடவைகூட வண்டியில் ஏறச் சொல்லவில்லை. பார்த்தால் சிரிப்பார், மகனைப் பற்றிக் கேட்பார், அவ்வளவுதான். எனக்கும் நல்லதுதான், மத்தியானம் ஒழுங்காகச் சோறு இறங்கியது. ஆனாலும் ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டால், கையில் உள்ள வாரியலைக் கீழே போட்டுவிட்டு, அது ஐந்தருவிப் பக்கம் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பின்சீட்டு காலியாக இருக்கும்.